பொருட்பண்பறிதல்: கணினி மாதிரியும் நேரடிச் சோதனையும்

ஒரு பொருள் விசை, வெப்பம், மோதல் போன்றவற்றுக்கு உட்படும்போது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அளந்து, எண்களாகவும் வளைகோடுகளாகவும் வரையறுப்பதே பொருட்பண்பறிதல் ஆகும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பொருளின் மாதிரித்துண்டை ஆய்வகத்தில் இழுத்தும், அழுத்தியும், சூடாக்கியும், உடைத்தும் பார்ப்பது ஒன்று. அதன் நடத்தையைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் தீர்ப்பது மற்றொன்று. இன்று விமான இறக்கை முதல் செயற்கை மூட்டு வரை எதுவும் இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பி வடிவமைக்கப்படுவதில்லை. இரண்டும் எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன, அந்தச் சார்பு அறுந்தால் என்ன நேரும் என்பதைக் காட்டும் நிகழ்வுகளுள் முதன்மையானது 2003ஆம் ஆண்டின் கொலம்பியா விண்ணோட விபத்து.

சோதனை தருவது என்ன?

மிக எளிய சோதனை இழுவிசைச் சோதனை. நடுவில் ஒடுங்கி இரு முனைகளிலும் அகன்ற ஒரு துண்டை எந்திரத்தின் பிடிகளில் மாட்டி, அறுந்துபோகும் வரை மெதுவாக இழுப்பார்கள். ஓரலகு பரப்பில் செயல்படும் விசை தகைவு. ஓரலகு நீளத்தில் ஏற்படும் நீட்சி திரிபு. இவ்விரண்டையும் வரைபடமாக வரைந்தால் அப்பொருளின் குணம் பெருமளவு தெரிந்துவிடும். தொடக்கத்தில் உள்ள நேர்கோட்டின் சாய்வு யங் குணகம் ஆகும். எஃகுக்கு இது ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். அலுமினியத்துக்கு ஏறத்தாழ 70. கோடு வளையத் தொடங்கும் இடத்தில் பொருள் நிலையாக உருமாறத் தொடங்குகிறது.

ஆனால் இந்த வரைபடம் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், ஒரு குறிப்பிட்ட வேகத்தில், ஒரு திசையில் இழுத்தபோது கிடைத்தது. வேகத்தை ஆயிரம் மடங்கு கூட்டினால் அதே பொருள் வேறொரு வரைபடத்தைத் தரலாம். கோந்தை மெதுவாக இழுத்தால் நூலாக நீள்வதையும், சட்டென்று இழுத்தால் அறுந்துபோவதையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். உருமாற்றம் நிகழும் இந்த வேகத்தைத் திரிபு வீதம் என்பர். கட்டடத் தூணுக்கு இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. மோதலைக் கணக்கிடும்போது இதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மாதிரி செய்வது என்ன?

சோதனைத் துண்டு கையளவே இருக்கும். உண்மையான உறுப்போ வளைவும் துளையும் கொண்டு பெரிதாக இருக்கும். இந்த இடைவெளியைக் கடக்கப் பயன்படுவதே கணினி மாதிரி. பொறியியலில் பெரிதும் பயன்படுவது வரம்புறு உறுப்பு முறை. உறுப்பைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் தன் அண்டைக் கூறுகளைத் தள்ளுவதையும் இழுப்பதையும் கணினி கணக்கிடும். ஒவ்வொரு கூறுக்கும் தகைவுக்கும் திரிபுக்கும் உள்ள உறவைச் சொல்லியாக வேண்டும். அந்த உறவு ஆய்வகத்திலிருந்து வருகிறது. ஆகவே எவ்வளவு வலிமையான கணினியும், தனக்குக் கொடுக்கப்பட்ட பொருள் தரவைவிடக் கூடுதலாக அப்பொருளைப் பற்றி அறிந்திருக்காது.

இதைவிட எளிய மாதிரிகளும் உண்டு. பல சோதனைகளின் முடிவுகளுக்கு ஒரு சமன்பாட்டைப் பொருத்தி, அடுத்த நேர்வை அதிலிருந்து ஊகிப்பது அத்தகையது. இது விரைவானது, பயனுள்ளது. ஆனால் பொருத்திய எல்லைக்குள் மட்டுமே இதற்கு அதிகாரம் உண்டு. எல்லைக்கு வெளியே சென்றாலும் சமன்பாடு ஏதோ ஒரு விடையைத் தரத்தான் செய்யும். அந்த விடை தவறாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையை மட்டும் அது தராது.

கொலம்பியா: 2003 சனவரி

2003 சனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டது. சுமார் 82 நொடிகளில், புற எரிபொருள் தொட்டியின் மேற்பகுதியிலிருந்து பாலியூரிதேன் நுரைக் காப்பின் ஒரு துண்டு கழன்று, இடது இறக்கையில் மோதியது. தரையிலிருந்து எடுத்த ஒளிப்படங்களில் மறுநாளே இது தெரியவந்தது. விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருந்த நாட்களில் பொறியாளர்கள் முன் இருந்த கேள்வி ஒன்றுதான்: இறக்கை சேதமடைந்திருக்கிறதா?

வெப்பக் காப்பு ஓடுகளுக்கான சேதத்தை மதிப்பிட அவர்களிடம் 'கிரேட்டர்' என்ற கணக்கீட்டு முறை இருந்தது. மோதும் துண்டின் அளவு, அடர்த்தி, வேகம் முதலியவற்றைக் கொடுத்தால் ஓட்டில் விழும் பள்ளத்தின் ஆழத்தைச் சொல்லும் சமன்பாடு அது. முன்பு சிறு துண்டுகளை மோதவிட்டுச் செய்த சோதனைகளின் அடிப்படையில் பொருத்தப்பட்டது. கொலம்பியாவில் மோதிய துண்டோ, கனஅளவில் அந்தச் சோதனைத் துண்டுகளைவிடப் பல நூறு மடங்கு பெரியது. கிரேட்டர் ஓட்டின் தடிமனையும் தாண்டிய ஆழத்தைக் காட்டியது. ஆனால் அது வழக்கமாகச் சேதத்தை மிகைப்படுத்திக் காட்டும் என்றும், ஓட்டின் அடிப்பகுதி கூடுதல் அடர்த்தி கொண்டது என்றும் கருதியதால், அந்த எச்சரிக்கையின் கடுமை குறைத்து மதிப்பிடப்பட்டது.

இறக்கையின் முன்விளிம்பு ஓடுகளால் ஆனதல்ல. வலுவூட்டிய கார்பன்-கார்பன் என்ற கூட்டுப்பொருளால் ஆன 22 வளைந்த பலகைகள் ஒவ்வோர் இறக்கையிலும் இருந்தன. அவற்றுக்கான மாதிரி பனிக்கட்டி மோதல்களை அடிப்படையாகக் கொண்டது. மோதும் கோணம் 15 பாகையைத் தாண்டினால் பலகை துளைபடும் என்று அது சொன்னது. நுரை பனிக்கட்டியைவிட அடர்த்தி குறைந்ததுதானே என்ற எண்ணத்தில், 21 பாகை வரை துளை விழாது எனப் பொறியாளர்கள் மதிப்பிட்டனர். அந்தத் தளர்வுக்கு அடிப்படையாக நுரையைக் கொண்டு அப்பலகையில் நடத்தப்பட்ட சோதனை எதுவும் அவர்களிடம் இல்லை. சேதத்தை நேரில் பார்க்க, சுற்றுப்பாதையிலிருந்த விண்ணோடத்தைப் படமெடுக்க வேண்டும் என அவர்கள் கேட்டதும் நிறைவேறவில்லை.

பிப்ரவரி 1 அன்று கொலம்பியா வளிமண்டலத்தில் நுழைந்தபோது, இடது இறக்கையின் முன்விளிம்பில் இருந்த துளை வழியாக மிகச் சூடான வளிமம் உள்ளே புகுந்தது. முன்விளிம்புப் பலகைகள் சுமார் 1,600 பாகை செல்சியஸைத் தாங்கக்கூடியவை. ஆனால் அவற்றின் பின்னாலிருந்த சட்டகம் அலுமினியம். அது 660 பாகை அளவிலேயே உருகும். இறக்கை சிதைந்து விண்ணோடம் உடைந்தது. கல்பனா சாவ்லா உட்பட 7 விண்வெளி வீரர்களும் உயிரிழந்தனர்.

இலேசான நுரை எப்படி உடைக்கும்?

விபத்துக்குப் பின்னும் பலர் நம்ப மறுத்த செய்தி இது. அந்த நுரையைக் கையாலேயே பிய்த்துவிடலாம். விரல் நகம் பட்டாலே தடம் பதியும். அது எப்படிக் கார்பன் பலகையை உடைக்கும்?

விடை அதன் இலேசான தன்மையிலேயே இருக்கிறது. துண்டு கழன்றபோது விண்ணோடம் நொடிக்கு சுமார் 700 மீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தது. கழன்ற கணத்தில் நுரைக்கும் அதே வேகம்தான். ஆனால் நிறை குறைந்த பொருளைக் காற்றின் எதிர்ப்பு விரைவாக மந்தமாக்கும். இறகை முன்னோக்கி எறிந்தால் அது உடனே நின்றுவிடுவது போல, நுரை சுமார் 0.16 நொடியில் நொடிக்கு 240 மீட்டர் அளவுக்கு வேகத்தை இழந்தது. பின்னால் வந்த இறக்கை அந்த வேகத்தில் அதன்மீது மோதியது. உண்மையில் நுரை இறக்கையில் போய் இடித்தது என்பதைவிட, இறக்கை நுரையில் வந்து இடித்தது என்பதே பொருத்தம். துண்டு கனமாக இருந்திருந்தால் அந்த இடைவெளியில் இவ்வளவு வேகத்தை இழந்திருக்காது.

துண்டின் நிறை சுமார் 0.76 கிலோகிராம். நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 22,000 ஜூல். 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும்போது உள்ள ஆற்றலும் இதே அளவுதான். இந்த ஆற்றல் முழுவதும் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில், சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள, நொறுங்கும் தன்மை கொண்ட பலகையின் மீது இறங்கியது. அவ்வளவு குறுகிய நேரத்தில் நுரை ஒதுங்கிச் செல்ல வழியில்லை. அதன் நிறையே பலகையைத் தள்ளுகிறது. கையால் அழுத்தி அறிந்த மென்மை இங்கே உதவாது, ஏனெனில் அது வேறொரு திரிபு வீதத்தில் செய்த சோதனை.

சான் அன்டோனியோ சோதனை

விபத்து விசாரணைக் குழு இதை நேரில் சோதித்தது. டெக்சாசின் சான் அன்டோனியோவில் உள்ள தென்மேற்கு ஆய்வு நிறுவனத்தில், அழுத்தப்பட்ட நைட்ரஜனால் இயங்கும் பெரிய வளிமத் துப்பாக்கி கொண்டு நுரைத்துண்டுகள் ஏவப்பட்டன. முதலில் கண்ணாடியிழைப் பலகைகளில் முயன்று பார்த்துவிட்டு, பின்னர் உண்மையில் விண்வெளிக்குச் சென்றுவந்த பலகைகள் வைக்கப்பட்டன. பழைய பலகைகளைத் தேர்ந்தது தற்செயலன்று. பல பயணங்களில் ஆக்சிசனேற்றத்தால் இந்தப் பொருள் வலுவிழக்கிறது; புதிய பலகையில் செய்யும் சோதனை அதை மறைத்துவிடும்.

டிஸ்கவரி விண்ணோடத்திலிருந்து எடுத்த 6ஆம் பலகையில் விரிசல் விழுந்தது. 2003 சூலை 7 அன்று, அட்லாண்டிஸ் விண்ணோடத்தின் 8ஆம் பலகை மீது நுரை ஏவப்பட்டபோது, சுமார் 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓட்டை விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப்போயினர். ஐந்து மாத விவாதத்தை ஒரே ஓட்டை முடித்துவைத்தது.

ஆனால் இந்தச் சோதனையைப் பலமுறை திரும்பச் செய்ய இயலாது. பலகைகள் விலை மிகுந்தவை, எண்ணிக்கையில் குறைந்தவை. வேறு கோணம், வேறு அளவு, வேறு பலகை என ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகையை உடைத்துக்கொண்டிருக்க முடியாது. விண்ணோடங்கள் மீண்டும் பறக்க வேண்டுமானால் நம்பத்தக்க கணினி மாதிரி தேவைப்பட்டது.

படிப்படியாகக் கட்டிய மாதிரி

நாசாவின் ஆய்வு மையங்களும் பொறியாளர்களும் இதற்கு எல்எஸ்-டைனா என்ற மோதல் கணக்கீட்டு மென்பொருளைப் பயன்படுத்தினர். கார் மோதல் சோதனைகளிலும் பெரிதும் பயன்படும் இது, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 1970களில் உருவான டைனா-3டி நிரலின் வழிவந்தது. மென்பொருள் புதியதல்ல; பொருள் தரவுகளே புதிதாகத் தேவைப்பட்டன.

வேலை சிறியதிலிருந்து தொடங்கியது. நுரையைப் பல்வேறு திரிபு வீதங்களில் அழுத்தியும் இழுத்தும் அளந்தனர். நுரையின் மூடிய சிற்றறைகளுக்குள் வளிமம் சிக்கியிருப்பதால், அதன் நடத்தையில் வேகத்தின் பங்கு பெரிது. கார்பன்-கார்பன் பொருளை இழுவிசையிலும் அழுத்தத்திலும் தனித்தனியே சோதித்தனர். அடுக்கடுக்காக நெய்த பொருளுக்கு இவ்விரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. புதியதும் வலுவிழந்ததுமான துண்டுகளுக்குத் தனித் தரவுகள் எடுக்கப்பட்டன. பிறகு சிறு சட்டங்கள், தட்டையான பலகைகள், இறுதியில் முழு முன்விளிம்புப் பலகை என நுரையை மோதவிட்டு, அதிவேக ஒளிப்படக் கருவிகளால் பதிவு செய்தனர். ஒவ்வொரு படியிலும் கணினியின் விடை சோதனையோடு ஒப்பிடப்பட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மாதிரியின் எண்களைச் சோதனை முடிவுக்கு ஏற்பச் சரிசெய்வது அளவுதிருத்தம். திருத்திய மாதிரியை, அது இதுவரை காணாத வேறொரு சோதனையோடு ஒப்பிடுவது செல்லுபடி ஆய்வு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்ததாகக் கொள்வது இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை. ஒரே வினாத்தாளைப் பார்த்துப் படித்துவிட்டு அதே வினாத்தாளில் தேர்வு எழுதினால், நூறு மதிப்பெண் வந்தாலும் அது பாடம் தெரிந்ததற்குச் சான்றாகாது. கூறுகளின் அளவும் கவனிக்கத்தக்கது: பிரித்த கூறுகளை இன்னும் சிறிதாக்கினால் விடை மாறுகிறது என்றால், அந்த விடை பொருளைப் பற்றியதல்ல, பிரித்த முறையைப் பற்றியது.

2007: அதே கேள்வி

விண்ணோடங்கள் 2005 சூலையில் மீண்டும் பறக்கத் தொடங்கின. அந்த முதல் பயணத்திலேயே டிஸ்கவரியின் தொட்டியிலிருந்து நுரைத்துண்டு ஒன்று கழன்றது. நல்வாய்ப்பாக அது விண்ணோடத்தில் மோதவில்லை. இப்போது சுற்றுப்பாதையிலேயே பரப்புகளை ஆராய, உணரிகள் பொருத்திய நீண்ட கம்பம் விண்ணோடத்தின் கையில் இணைக்கப்பட்டிருந்தது.

2007 ஆகஸ்டில் எண்டெவர் ஏவப்பட்டபோது, கழன்ற துண்டு அடிப்பகுதி ஓடுகளில் பட்டு, ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பள்ளத்தை உண்டாக்கியது. கம்பத்தின் லேசர் கருவி அந்தப் பள்ளத்தின் வடிவத்தை அளந்து அனுப்பியது. தரையில் வெப்ப ஓட்டக் கணக்கீடுகள் செய்யப்பட்டன. அதோடு நிற்காமல், அதே வடிவப் பள்ளத்தை ஓடுகளில் செதுக்கி, வளிமண்டல நுழைவின் வெப்பத்தை உண்டாக்கும் மின்வில் தாரைக் கூடத்தில் வைத்துச் சோதித்தனர். கணக்கீடும் சோதனையும் ஒரே விடையைத் தந்தன: கீழுள்ள அலுமினியம் தாங்கும், விண்வெளியில் நடந்து சென்று பழுதுபார்க்கத் தேவையில்லை. ஆகஸ்ட் 21 அன்று எண்டெவர் 7 பேருடன் பத்திரமாகத் தரையிறங்கியது.