மறுநாள் காலை மனம் தரும் தீர்ப்பு

பெங்களூரின் லிங்கராஜபுரத்தில் கூலி வேலை முடிந்து திரும்புபவரும், ஐடி வேலை முடிந்து திரும்புபவரும் மதுவுக்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: "கவலையை மறக்க." இதே நகரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார், 4.6 சதவீதம் பேருக்கு மதுப்பழக்கக் கோளாறு இருக்கிறது. இவ்விரண்டும் ஒருவரிடமே சேரும்போது, அவர் தன்னைப் பற்றி எடுக்கும் முடிவையே மது திரித்துவிடுகிறது.

முதல் ஒரு மணி நேரம் இதமாக இருப்பது பொய்யல்ல. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டை அடக்குகிறது. மூளை இதை ஈடுகட்ட எதிர்த்திசையில் இழுக்கிறது. போதை இறங்கியதும் அந்த இழுப்பு மட்டும் எஞ்சுகிறது. நடுச்சாமத்தில் விழிப்பு, படபடப்பு, காரணமில்லாத குற்றவுணர்வு எல்லாம் அதன் விளைவுகள். அமெரிக்க உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ராபர்ட் ஜோசப்ஸும் 1990இல் இன்னொன்றை விளக்கினார்கள்: மது கவனத்தைக் குறுக்குகிறது. எதிரே கலகலப்பு இருந்தால் கவலை விலகும். தனியே இருந்தால் கவலை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மனச்சோர்வில் இருப்பவர் தனியே குடிப்பதும் உண்டு. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் அப்போது மறுக்க முடியாத உண்மையாகத் தோன்றுகிறது.

"துக்கம்தானே முதலில் வந்தது?" என்று கேட்கலாம். சிலருக்கு அப்படித்தான், அவர்களுக்கு இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை. ஆனால், சாண்ட்ரா பிரவுனும் மார்க் ஷூக்கிட்டும் 1988இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மதுவுக்கு அடிமையாகி மருத்துவமனையில் சேர்ந்த ஆண்களில் 42 சதவீதம் பேரிடம் தீவிர மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. குடிக்காமல் நான்கு வாரம் கழிந்தபின் அது 6 சதவீதமாகக் குறைந்தது. "அளவோடு குடித்தால் தூக்கம் வருமே" என்பதும் பாதி உண்மைதான்: தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் கலையும். தூக்கம் கெட்டால் மனச்சோர்வு கூடும்.

ஆகவே, குடித்த இரவிலோ மறுநாள் காலையிலோ தன்னைப் பற்றி மனம் தரும் தீர்ப்பை யாரும் இறுதியாகக் கொள்ள வேண்டாம். குடியை நிறுத்த முடிவெடுத்தாலும் கவனம் தேவை: நெடுநாள் தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் இலவசமாகப் பேசலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால், உடனே பேசுங்கள்.