ஏ.சி. 24-ல் இருந்தும் குளிருதா? 'க்ளோ' கணக்கைப் பாருங்க

ஆபீஸ் ஏ.சி. 24-ல ஓடுது. அரைக்கை சட்டைக்காரர் "குளிருது" என்கிறார். கோட்டு போட்ட மேலதிகாரியோ "புழுங்குதே" என்று ரிமோட்டைத் தேடுகிறார். யார் சொல்வது சரி? ரெண்டு பேருமே சரிதான். ஏ.சி. காட்டுவது அறையின் வெப்பத்தை மட்டும். நீங்க என்ன போட்டிருக்கீங்கன்னு அதுக்குத் தெரியாது.

உடை எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கிறது என்பதற்கு 'க்ளோ' என்று ஓர் அளவு உண்டு. 1941-ல் ஆய்வாளர்கள் மூவர் வகுத்தது. 21 டிகிரி அறையில், காற்று அதிகம் வீசாமல், சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் குளிராமல் இருக்க வேண்டிய உடை 1 க்ளோ. முழு கோட்டு சூட்டு ஏறக்குறைய அவ்வளவு வரும். அரைக்கை சட்டையும் மெல்லிய பேன்ட்டும் சேர்ந்தால் 0.57 தான்.

இதை எப்படி அளப்பாங்க? ஆள் உயரப் பொம்மை ஒன்று. அதன் மேற்பரப்பை மின்சாரத்தால் சூடாக்கி, நம்ம தோல் மாதிரியே 34 டிகிரியில் வைத்திருப்பார்கள். உடையை மாட்டி, குளிர்ந்த அறையில் நிறுத்தி, அந்தச் சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். மின்சாரம் குறைவாகப் போதும் என்றால் உடை நன்றாகக் காக்கிறது என்று அர்த்தம். துணியை மட்டும் சூடான தட்டில் வைத்தும் அளக்கலாம். ஆனால் உடம்புக்கும் உடைக்கும் நடுவில் தங்கும் காற்று அதில் சிக்காது. பாதி வேலையை அந்தக் காற்றுதானே செய்யுது! நடக்கும்போது அது வெளியேறிவிடுவதால், கைகாலை அசைக்கும் பொம்மைகளும் உண்டு.

நம்ம புடவையையும் இப்படிப் பொம்மைக்குக் கட்டி அளந்திருக்கிறார்கள். ஒரே புடவைதான், கட்டும் விதம் மாறினால் க்ளோவும் மாறியது. முந்தானையைத் தோளில் போர்த்திக்கொள்வது சும்மா இல்லை.

இதில் கரன்ட் பில்லும் இருக்கு. ஏ.சி.யை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.கள் 2020 ஜனவரி முதல் தாமாகவே 24-ல் தொடங்குவதும் அதனால்தான். ஜப்பான் அரசு 2005-லேயே டையையும் கோட்டையும் கழற்றச் சொல்லி, ஆபீஸ் ஏ.சி.யை 28-க்கு ஏற்றச் சொன்னது. ஆகவே செல்போன் ஆப்பிலோ ரிமோட்டிலோ டிகிரியைக் குறைக்கும் முன், கோட்டைக் கழற்றிப் பாருங்க.

நாற்காலிக்கும் க்ளோ உண்டுங்க. சாதாரண ஆபீஸ் நாற்காலி சுமார் 0.10, அதிகாரியின் பெரிய குஷன் நாற்காலி 0.15. கோட்டோடு அதில் உட்கார்ந்தால் புழுங்காமல் என்ன செய்யும்?