ஊறுகாய் ஜாடியும் இல்லறமும்

பங்குனி பிறந்துவிட்டால், தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கால்கள் தாமாகவே ஐ.என்.ஏ. மார்க்கெட்டை நோக்கித் திரும்பிவிடும். முருங்கைக்காயும் வாழைப்பூவும் சின்ன வெங்காயமும் ஆண்டு முழுவதும் அங்கே கிடைப்பனவே. ஆயினும் தெற்கிலிருந்து மாவடு வந்து இறங்கும் பருவத்துக்குத் தனியொரு சிறப்பு உண்டு. கடைக்காரர் கோணிப்பையை அவிழ்த்ததும் எழுகின்ற அந்தக் காம்புப்பால் மணம், ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நம் ஊர்த் தோப்புகளை ஒரு நொடியில் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்று நடத்திய இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கிய வட்டாரம் இது. மலேயாவிலும் பர்மாவிலும் உழைத்து வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் அப்படையில் சேர்ந்ததை நாம் அறிவோம். சரோஜினி நகர், லக்ஷ்மிபாய் நகர், கித்வாய் நகர் முதலிய அரசுக் குடியிருப்புகள் சூழ்ந்திருந்தமையால், மத்திய அரசு அலுவலகங்களில் பணியாற்ற வந்த நம்மவர்க்கு இச்சந்தை ஊர்ச்சந்தை போலவே ஆயிற்று. 1994-இல் எதிர்ப்புறத்தில் தில்லி ஹாட் எழுந்தது. 2010-இல் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. நொய்டாவிலும் குருகிராமத்திலும் குடியேறிவிட்டவர்கள்கூட இன்று ரயிலேறி வந்து பை நிறைய வாங்கிச் செல்கிறார்கள்.

வாங்குவது எளிது. வாங்கியது வீட்டுக்குள் நுழைந்து ஜாடியில் குடியேறிய பின்னர்தான் கேள்விகள் பிறக்கின்றன. அந்த ஜாடி யாருடையது? அதில் எவ்வளவு உப்பு? அதை எப்போது திறப்பது, யாருக்குக் கொடுப்பது, யார் எவ்வளவு உண்பது? அற்பமான கேள்விகள் என்று சிலர் நகைக்கலாம். ஆனால் கணவனும் மனைவியும் ஒரு சேமிப்பை எவ்வாறு பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதில், அவர்கள் வாழ்க்கையை எவ்வாறு பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதும் அடங்கியிருக்கிறதன்றோ?

ஊறுகாய் என்பது தொன்றுதொட்டே ஊர்விட்டு ஊர் சென்றோரின் உணவு. வடநாட்டார் ஊறுகாய் ஜாடியை ‘மர்த்தபான்’ என்று அழைப்பதைக் கேட்டிருப்போம். பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்தின் பெயரே அது. அங்கிருந்து கப்பலேறிய பெரிய மெருகிட்ட ஜாடிகள் கடலோரமெங்கும் புகழ்பெற்றிருந்தன. மொராக்கோ நாட்டு யாத்திரிகரான இபின் பதூதா 1334-இல் தில்லிக்கு வந்து, முகமது பின் துக்ளக்கின் ஆட்சியில் நீதிபதியாகச் சில ஆண்டுகள் பணியாற்றியவர். பின்னர் மதுரைக்கும் சென்றவர். மாங்காயையும் எலுமிச்சையையும் உப்பிலிட்டுச் சோற்றுடன் உண்ணும் இந்திய வழக்கத்தை அவர் தம் நூலில் குறித்திருக்கிறார். சீனத்தை நோக்கிய கடற்பயணத்தின் இடையே ஓர் அரசகுமாரி தமக்களித்த பரிசுகளுள் இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றை உப்பிட்டு நிரப்பிய மர்த்தபான் ஜாடிகளும் இருந்தன என்றும் எழுதியிருக்கிறார். வேற்றூரில் வாழ நேர்ந்தவனுக்கு உப்பிட்ட காய் எத்துணை பெரிய துணை என்பதை அந்நாளையோரும் உணர்ந்தே இருந்தனர். இன்று நமக்கு வேண்டிய பீங்கான் ஜாடிகள், தில்லிக்கு அருகே புலந்த்சகர் மாவட்டத்திலுள்ள குர்ஜா என்னும் ஊரின் சூளைகளிலிருந்தே வருகின்றன.

ஜாடிக்குள் நிகழ்வது என்ன? மாவடுவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மஞ்சளும் கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் இட்டு மூடி வைக்கிறோம். உப்பு காயினுள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. நாளுக்கு ஒருமுறை குலுக்கிவர, பத்து நாளுக்குள் வடு சுருங்கித் தன் நீரிலேயே மிதக்கத் தொடங்கும். உப்பு மிகுந்த அந்நீரில், அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருகமாட்டா. புளிப்பைத் தரும் நுண்ணுயிர்கள் மட்டும் தாக்குப்பிடித்து ஊறுகாய்க்குச் சுவையும் காப்பும் அளிக்கின்றன. ஆவக்காய்க்கு ஊற்றும் நல்லெண்ணெயோ, காற்றுப் படாதபடி மேலே ஒரு போர்வையாக நிற்கிறது. இவ்வளவு ஏற்பாட்டையும் குலைத்துவிட ஈரமான ஒரே ஒரு கரண்டி போதும்.

தில்லியின் தட்பவெப்பமும் இதில் ஒரு பங்காளி. சித்திரை, வைகாசியின் உலர்ந்த வெயில் உப்பிட்ட நார்த்தங்காயைக் காயவைக்கத் தகுந்தது. ஆனி முடிந்து மழை தொடங்கியதும் காற்றில் ஈரம் ஏறிப் பூஞ்சணத்தை அழைத்து வருகிறது. முன்னாளில் அரசுக் குடியிருப்புகளில் முற்றமும் மொட்டைமாடியும் இருந்தன. இன்று அடுக்குமாடி வீட்டின் சிறிய பால்கனியில் வெயில் விழும் இரண்டு மணி நேரத்தைக் கணக்கிட்டுத் தாம்பாளத்தை நகர்த்தி வைக்க வேண்டியிருக்கிறது. சுருங்கச் சொன்னால், ஒரு ஜாடி ஊறுகாய் என்பது பல வாரங்களின் கவனிப்பு. கவனிப்பவர் பெரும்பாலும் இல்லத்தரசியே. “நம் வீட்டு ஊறுகாய்” என்று விருந்தினரிடம் பெருமை பேசுபவர் பெரும்பாலும் இல்லத் தலைவரே!

இங்கேதான் முதற் பிணக்கு தோன்றுகிறது. கும்பகோணத்துப் பெண்ணும் திருநெல்வேலிப் பிள்ளையும் தில்லியில் குடித்தனம் தொடங்கும்போது, இரண்டு ஊர்களின் உப்பும் காரமும் ஒரே பரணில் சந்திக்கின்றன. “எங்கள் அம்மா போடும் மாவடு இப்படியா இருக்கும்?” என்ற ஒரு வாக்கியம் போதும், அன்றைய இரவுச் சாப்பாடு மௌனத்தில் முடிய. ஒருவருக்கு மாகாளிக்கிழங்கின் மணம் அமிர்தம். மற்றவருக்கோ அது மூக்கைப் பொத்திக்கொள்ளும் சங்கதி. இதனிடையே இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மாள் குளிர்காலத்தில் கொடுத்தனுப்பும் காரட், காலிபிளவர், சல்கம் ஊறுகாயே மேல் என்று மூன்றாவது கட்சி சேர்ந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது பிணக்கு, திறப்பதைப் பற்றியது. மனைவி அடுத்த ஆண்டுவரை ஊறட்டும் என்று வேடு கட்டி வைத்த எலுமிச்சை ஜாடியை, அலுவலக நண்பர் வந்தார் என்று கணவர் திறந்து பாதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறார். அவருக்கு அது விருந்தோம்பல். அவளுக்கோ, ஓராண்டுக் காத்திருப்பைக் கேளாமல் எடுத்துக் கொடுத்த செயல். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கேட்காமற் செய்ததே குற்றம்.

மேலைநாடுகளில் இதே வழக்கு வேறோர் உருவில் நடைபெறுகிறது. அங்கே வசதியுள்ள இல்லங்களில் திராட்சை மதுப் புட்டிகளை ஆண்டும் ஊரும் குறித்து நிலவறையில் அடுக்கிவைப்பர். எதைப் பிள்ளையின் திருமணத்துக்கு வைப்பது, எதை இன்று திறப்பது என்று கணவனும் மனைவியும் வாதாடுவர். மதுவைப் பற்றிய நம் கருத்து எதுவாயினும் ஆகுக. நம் தில்லியிலேயே எழுந்த ஒரு வழக்கு இங்கே நினைக்கத் தக்கது. ஒரு கூட்டுக் குடும்பத்தின் வீட்டில் 132 மதுப்புட்டிகள் கண்டெடுக்கப்பட்டு, அளவுக்கு மீறிய சேமிப்பு என்று குற்றம் சாட்டப்பட்டது. 2022-இல் தில்லி உயர்நீதிமன்றம் அதனை ஆராய்ந்தது. தில்லியின் 2010-ஆம் ஆண்டு ஆயத்தீர்வை விதிகளின்படி 25 வயது நிரம்பிய ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவு விஸ்கி முதலியவற்றில் 9 லிட்டர். திராட்சை மது, பீர் ஆகியவற்றில் 18 லிட்டர். அவ்வில்லத்திலோ அவ்வயதைக் கடந்தவர் அறுவர் இருந்தனர். அறுவரின் பங்கையும் கூட்டிப் பார்த்த நீதிமன்றம், விதி மீறப்படவில்லை என்று கூறி வழக்கை ரத்து செய்தது. வீட்டில் உள்ள பொருளை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றாமல், அவ்வீட்டில் வாழும் அனைவர்க்கும் உரியதாகச் சட்டம் எண்ணிப் பார்த்தது. சட்டம் மதுவுக்குச் செய்த இந்தக் கணக்கை, அன்பு ஊறுகாய்க்குச் செய்யலாகாதா?

உப்பையும் இல்லறத்தையும் இணைத்துப் பார்த்தவர் நம் வள்ளுவர். காமத்துப்பாலில், கணவன் மனைவியரிடையே தோன்றும் புலவியை உணவிலிடும் உப்புக்கு ஒப்பிடுகிறார். அளவோடு இருந்தால் சுவை. சிறிது நீண்டுவிட்டாலோ, உப்பு மிகுந்த கறி போலாகிவிடும் என்பது அவர் கருத்து. ஜாடியை முன்னிட்டு எழும் சிறு ஊடல் இல்லத்துக்கு ருசி சேர்க்கட்டும். அது மறுநாள் காலைக் காப்பி வரை நீள வேண்டியதில்லை.

உப்பின் அளவு உவமைக்கு மட்டும் உரியதன்று, உடலுக்கும் உரியது. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது ஏறக்குறைய ஒரு சிறு தேக்கரண்டி. சாம்பார், ரசம், பொரியல், மோர் ஆகியவற்றிலேயே அந்த அளவு நிறைந்துவிடுகிறது. ஐம்பதைக் கடந்து, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்ணத் தொடங்கிய கணவரிடமிருந்து மனைவி ஜாடியை ஒளித்து வைப்பதும், அவர் அதைத் தேடிப் பிடித்து உண்பதும் நம் வீடுகளில் நாம் காணும் நாடகமே. ஒளிப்பதால் பயனில்லை. வாரத்தில் எத்தனை நாள், ஒரு வேளைக்கு எத்தனை வடு என்று இருவரும் அமர்ந்து பேசி முடிவு செய்துகொள்வதே மேல். ஊறுகாய் உண்ணும் நாளில் மோர்சாதத்துக்கு உப்பிடாமல் விடலாம். தனக்கு நோயில்லாத மனைவியும் அக்கட்டுப்பாட்டை உடன் ஏற்றுக்கொண்டால், அது கணவருக்குத் தண்டனையாகத் தோன்றாது. மனைவிக்கு நோயும் கணவருக்கு நலமும் என்றாலும் முறை இதுவே.

இவை எல்லாவற்றினும் பெரியதொன்று உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை. நம்மிடையே முதியவர் பலர் துணையை இழந்து தனித்து வாழ்கிறார்கள். அத்தகைய ஓர் இல்லத்தில், மனைவி இட்டுச் சென்ற கடைசி ஜாடி நார்த்தங்காய் பரணில் இருக்கிறது. அதனை உண்ணவும் அவருக்கு மனமில்லை, விடவும் மனமில்லை. “எத்தனை காய்க்கு எவ்வளவு உப்பு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை” என்கிறார் அவர். நாற்பது ஆண்டுகள் ஒரே ஜாடியிலிருந்து இருவரும் உண்டனர். ஆயினும் அதன் அறிவு ஒருவரிடமே இருந்து, அவருடனேயே சென்றுவிட்டது. உண்பதை மட்டும் பகிர்ந்துகொண்டு, உழைப்பையும் அறிவையும் பகிராமல் விட்டதன் விலை அது. மின்சாரக் கட்டணமும் வங்கிக் கணக்கும் கணவருக்கு மட்டுமே தெரிந்த வீடுகளில், அவருக்குப் பின் மனைவிமார் படும் அவதியும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

ஆகவே, நம் இல்லங்களில் சில வழக்கங்களைத் தொடங்கலாம். மாவடு வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு இருவரும் சேர்ந்தே செல்லலாம். காம்பு நீங்காத, அடிபடாத, உருண்டை வடுவைப் பொறுக்கி எடுக்கக் கணவரும் கற்றுக்கொள்ளட்டும். உப்பையும் மிளகாய்ப்பொடியையும் கைக்கணக்காகப் போடும் மனைவி, இந்த ஆண்டு ஒருமுறை மட்டும் தராசில் நிறுத்துச் சொல்ல, கணவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஒவ்வொரு ஜாடியின் மேலும் காயின் பெயர், இட்ட நாள், யார் வீட்டுப் பக்குவம் என்று சீட்டொட்டி வைக்கலாம். இரண்டு அம்மாக்களின் பக்குவத்துக்கும் ஆளுக்கொரு ஜாடி இருந்தால், ஒப்பிட்டுக் குறை கூற இடமிராது. அன்றாடத்துக்குச் சிறு ஜாடி ஒன்று மேசைமேல் இருக்கட்டும். பெரிய ஜாடியின் வேட்டை அவிழ்ப்பது இருவரும் அறிந்தே நடக்கட்டும். பழையது ஒன்று தீராமல் புதியது இரண்டு வேண்டா. மிகுந்தால் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். கொடுப்பதும் இருவர் கையாலும் ஆகுக.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் முதுமொழி. நன்றி மறவாமைக்காகச் சொல்லப்பட்ட அம்மொழியை இல்லறத்துக்கும் பொருத்திக் கொள்ளலாம். உப்பிட்டவரை அவர் இருக்கும்போதே நினைப்போம். அவர் அருகில் அமர்ந்து, மாங்காயின் ஈரத்தை ஒரு துணியால் துடைத்துக் கொடுப்போம். இவ்வாண்டு மாவடு வரும்போது குறிப்பேட்டின் முதற் பக்கம் எழுதப்படட்டும்.