கடுங்குளிர் வருமுன் கவுன்சில் குடியிருப்புகளில் நடக்க வேண்டியவை

பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் வாடகைக்கு விட்டுப் பராமரிக்கும் வீடுகளே கவுன்சில் வீடுகள். அவற்றில் கணிசமானவை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் அவசரத் தேவைக்காக எழுந்தவை. முதியோர், நீண்டகால நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானக் குடும்பங்கள் ஆகியோரின் பங்கு இந்த வீடுகளில் அதிகம். அதனால் கடுங்குளிர் வரும்போது பழைய கட்டடமும் பலவீனமான உடலும் ஒரே கூரையின் கீழ் அகப்பட்டுக்கொள்கின்றன.

பனிப்பொழிவு என்றதும் தொலைக்காட்சியில் சறுக்கும் கார்களும் மூடிய பள்ளிகளும்தான் தெரியும். ஆனால் குளிர் அதிகமாக உயிரைப் பறிப்பது வீட்டுக்குள். அறையின் வெப்பம் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இங்கிலாந்தின் சுகாதாரத் துறையும் அதையே சொல்கிறது. அதற்குக் கீழே போனால் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது, இரத்தம் கெட்டியாகிறது. மாரடைப்புகள் குளிர் தொடங்கிய ஓரிரு நாட்களிலேயே கூடுகின்றன. நுரையீரல் நோய்களால் வரும் இறப்புகளுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கிறது, அதாவது பனி உருகி எல்லோரும் அதை மறந்த பிறகு. 2017-18 குளிர்காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், ஆண்டின் மற்ற மாதங்களோடு ஒப்பிட்டால், 50,100 பேர் கூடுதலாக இறந்ததாக அரசின் புள்ளியியல் அலுவலகம் மதிப்பிட்டது. அந்த ஆண்டின் ஃப்ளூ காய்ச்சலுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

ஆயத்தம் கட்டடத்தில் தொடங்குகிறது. எந்த வீடு எதனால் சூடாகிறது என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலான கவுன்சில் வீடுகளில் எரிவாயு பாய்லர் இருக்கிறது. அதை ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சோதனை செய்வது வீட்டு உரிமையாளரான கவுன்சிலின் சட்டக் கடமை. சோதனை எந்த மாதத்தில் விழுகிறது என்பது சட்டத்துக்கு முக்கியமில்லை, குடியிருப்பவருக்கு முக்கியம். கோடையில் கண்டுபிடித்த பழுதுக்கு உதிரிபாகம் வாங்க நேரம் இருக்கும். டிசம்பரில் கண்டுபிடித்தால் நாடு முழுவதும் அதே உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும்.

நவீன பாய்லர்களுக்கு ஒரு தனிப் பலவீனம் உண்டு. அவை எரிவாயுப் புகையிலிருக்கும் நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் பயன்படுத்துகின்றன. அப்படிச் சேரும் நீர் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறுகிறது. அந்தக் குழாய் வீட்டுக்கு வெளியே நீண்ட தூரம் ஓடினால் உறைந்து அடைத்துக்கொள்ளும். பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கடும் உறைபனி நாட்களில் பழுதுபார்ப்புத் தொலைபேசிகள் மூச்சுத் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கொதிக்காத வெதுவெதுப்பான நீரைக் குழாயின் மேல் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இலையுதிர் காலத்திலேயே குழாயைத் தடிமனாக்கி, உறையிட்டு, வெளியே ஓடும் நீளத்தைக் குறைத்துவிட்டால் அதற்கும் அவசியமில்லை.

உயர்ந்த கட்டடங்களில் கதை வேறு. 1968 மே 16 அன்று கிழக்கு லண்டனின் நியூஹாமில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் எரிவாயு வெடித்து, ஒரு மூலை முழுவதும் சரிந்து நால்வர் இறந்தனர். ஆயத்த கான்கிரீட் பலகைகளைக் கோத்துக் கட்டிய கட்டடம் அது. அதன் பிறகு அதே முறையில் கட்டிய பல கோபுரங்களிலிருந்து எரிவாயு அகற்றப்பட்டது. அவற்றில் பலவற்றில் மின்சார ஹீட்டர்களே வெப்பம் தருகின்றன. இரவின் மலிவு மின்சாரத்தில் செங்கற்களைச் சூடாக்கி, பகலில் மெல்ல வெப்பம் விடும் வகை அவற்றில் பரவலானது. கட்டணம் எரிவாயுவைவிட அதிகம். மின்சாரம் நின்றால் அந்த வீட்டுக்கு வேறு வழியே இல்லை.

மூன்றாவது வகை, ஒரே கொதிகலனிலிருந்து குடியிருப்பு முழுவதற்கும் வெந்நீர் அனுப்பும் முறை. லண்டனின் பிம்லிகோவில் 1950-ல் தொடங்கிய திட்டம், தேம்ஸ் நதிக்கு அக்கரையிலிருந்த பாட்டர்சீ மின்நிலையத்தின் வீணாகும் வெப்பத்தைக் குழாயில் கொண்டுவந்து சர்ச்சில் கார்டன்ஸ் குடியிருப்புக்குக் கொடுத்தது. சிக்கனமான யோசனைதான். ஆனால் நிலத்தடிக் குழாய் ஒன்று உடைந்தால் நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே இரவில் குளிர்ந்துபோகும். இத்தகைய குடியிருப்புகளில் தற்காலிகக் கொதிகலனுக்கும் கையில் கொடுக்கும் மின்சார ஹீட்டர்களுக்கும் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். உறைபனி நாளில் ஹீட்டர் தேடிக் கடைக்கு ஆள் அனுப்புவது ஆயத்தம் ஆகாது.

வெப்பம் நின்ற வீட்டை எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டின் பழுதுபார்ப்பு உரிமை விதிகள் கவுன்சில் குடியிருப்பாளர்களுக்குப் பொருந்தும். குளிர்கால மாதங்களில் வெப்பமோ வெந்நீரோ நின்றால் ஒரு வேலைநாள், கோடையில் மூன்று. பல கவுன்சில்கள் முதியோர், குழந்தைகள் இருக்கும் வீடுகளை இதற்கும் முன்னால் வைக்கின்றன.

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. குழாய் அப்போதே பிளந்துவிடும். ஒழுகுவது மட்டும் உருகும்போது. 2018 பிப்ரவரி இறுதியில் சைபீரியக் காற்று பிரிட்டனை உறையவைத்தது. மார்ச் தொடக்கத்தில் பனி திடீரென உருகியதும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் நின்றது. குடியிருப்புகளில் அதிகம் ஏமாற்றுவது ஆளில்லாத வீடு. அடுத்த வாடகைதாரருக்காகப் பூட்டிக் கிடக்கும் ஆறாம் மாடி வீட்டில் குழாய் வெடித்தால் ஐந்தாம் மாடியும் நான்காம் மாடியும் நனையும். அத்தகைய வீடுகளில் குழாய் நீரை நவம்பருக்கு முன்பே வடித்துவிடுவது வழக்கம். ஆள் இருக்கும் வீட்டிலோ, தண்ணீரை நிறுத்தும் முதன்மை வால்வு எங்கே இருக்கிறது, அது திரும்புகிறதா என்று பார்த்து வைத்தாலே போதும். பல வீடுகளில் அது சமையலறை அலமாரிக்குப் பின்னால், பல ஆண்டு வண்ணப்பூச்சில் இறுகிக் கிடக்கிறது.

இனிப் பாதைகள். பொதுச் சாலைகளில் பனியால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது, நியாயமாக இயன்ற அளவுக்கு, நெடுஞ்சாலை அதிகார அமைப்பின் கடமை. ஆனால் குடியிருப்புக்குள் இருக்கும் நடைபாதை, படிக்கட்டு, சரிவுப்பாதை எல்லாம் பல இடங்களில் பொதுச் சாலையே அல்ல. வீட்டுவசதித் துறையின் நிலம். உப்பு தூவும் லாரி குடியிருப்பின் வாசலோடு திரும்பிவிடும். எந்தப் பாதை யாருடையது என்று வரைபடத்தில் கோடு போட்டு, முதியோர் இல்லத்தின் வாசலும் பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியும் முதலில் என்று வரிசைப்படுத்துவது அக்டோபர் மாத வேலை. சுரங்க உப்பு மைனஸ் 7, 8 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது என்பதால் மணலும் சேர்ந்தே வேண்டும். தன் வாசல் பனியை அள்ளியவர் மீது வழுக்கி விழுந்தவர் வழக்குப் போடுவார் என்றொரு பயம் பிரிட்டனில் பரவலாக உண்டு. கவனமாகச் செய்தவர் மீது அப்படி வழக்கு வர வாய்ப்புக் குறைவு என்று அரசே வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

பாதைக்கும் அறை வெப்பத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. குறைந்த வருமான வீடுகள் பலவற்றில் முன்பணம் செலுத்தும் மீட்டர்தான். பழைய வகை மீட்டருக்கு அட்டையையோ சாவியையோ கடைக்கு எடுத்துப்போய்ப் பணம் ஏற்ற வேண்டும். பாதை உறைந்த நாளில் எண்பது வயதுக்காரர் கடைக்குப் போகத் துணியமாட்டார். மாலைக்குள் ஹீட்டர் அணைந்துவிடும். அரசின் உதவித்தொகையும் அந்த மாலைக்கு வந்து சேராது. தொடர்ந்து ஏழு நாட்கள் சராசரி வெப்பநிலை பூஜ்யமோ அதற்குக் கீழோ இருந்தால், அல்லது இருக்கும் என்று கணிக்கப்பட்டால், தகுதியுள்ளவர்களுக்கு 25 பவுண்டு கிடைக்கும். அது கணக்கில் ஏறுவதற்குள் குளிர் கடந்துவிடலாம். ஸ்காட்லாந்து இதைக் கைவிட்டு, வானிலை எப்படியிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை தரும் தொகையாக மாற்றிவிட்டது. அதுவே விவேகமான முடிவு.

எல்லாவற்றிலும் கடினமானது, எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரிந்துகொள்வது. தகவல் இல்லாமல் இல்லை, சிதறிக் கிடக்கிறது. வாடகைப் பிரிவுக்கு யார் தனியாக வாழ்கிறார் என்று தெரியும். சமூகநலப் பிரிவுக்கு யாருக்குப் பராமரிப்பாளர் வருகிறார் என்று தெரியும். வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவரை மருத்துவமனை அறியும். மின், எரிவாயு, தண்ணீர் நிறுவனங்கள் தனித்தனியே முன்னுரிமைச் சேவைப் பதிவேடு வைத்திருக்கின்றன. முதியோர், நோயாளிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ளவர்கள் அதில் இலவசமாகப் பெயர் சேர்க்கலாம். இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. 2004-ஆம் ஆண்டின் அவசரநிலைச் சட்டம் கவுன்சில், காவல்துறை, தீயணைப்பு, சுகாதாரத் துறை எல்லாம் தகவலைப் பகிர வேண்டும் என்கிறது. ஆனால் பகிர்வதற்கான உடன்படிக்கையைப் பனி விழும் இரவில் எழுத முடியாது. பட்டியலில் விடுபடுபவர்களும் உண்டு: ஆங்கிலம் சரளமாக வராத முதியோர், உதவி கேட்கக் கூச்சப்படுபவர். ஈழத்தமிழர் கணிசமாக வாழும் ஈஸ்ட் ஹாம் போன்ற பகுதிகளில் கோயில், மசூதி, தேவாலயம் வழியாகப் போகும் செய்தி கவுன்சில் கடிதத்தைவிட வேகமாகப் போய்ச் சேரும்.

எச்சரிக்கை எப்போது வரும் என்பதில் குழப்பமில்லை. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்பு முகமையும் வானிலை அலுவலகமும் சேர்ந்து குளிர் எச்சரிக்கையை மஞ்சள், ஆம்பர், சிவப்பு என வெளியிடுகின்றன. மஞ்சளிலேயே தொலைபேசி அழைப்புகள் தொடங்கும் குடியிருப்பு, ஆம்பருக்குக் காத்திருக்கும் குடியிருப்பைவிட ஓரிரு நாள் முன்னால் இருக்கும். அழைத்து எடுக்காதவர்கள்தான் நேரில் பார்க்க வேண்டியவர்கள்.

மின்தடைக்குத் தனித் திட்டம் வேண்டும். 2021 நவம்பர் இறுதியில் ஆர்வென் புயல் ஸ்காட்லாந்தையும் வட இங்கிலாந்தையும் தாக்கியபோது சுமார் 10 லட்சம் வீடுகளில் மின்சாரம் போனது. சில ஆயிரம் வீடுகளில் ஒரு வாரத்துக்கு மேல் வரவில்லை. மின்சாரம் போனால் எரிவாயு பாய்லரும் நிற்கும், லிஃப்டும் நிற்கும். பழைய செப்புக் கம்பித் தொலைபேசி மின்தடையிலும் பேசும். இப்போது அது இணையவழித் தொலைபேசியாக மாற்றப்பட்டுவருகிறது. 2027 ஜனவரிக்குள் முடிக்கத் திட்டம். இணையவழித் தொலைபேசி வீட்டு மின்சாரத்தில் இயங்குவதால், மாற்று பேட்டரி இல்லாவிட்டால், கீழே விழுந்த முதியவர் கழுத்தில் தொங்கும் அவசர அழைப்புப் பொத்தானை அழுத்தியும் பயன் இருக்காது. யார் வீட்டில் அந்தப் பொத்தான் இருக்கிறது, அதற்குப் பேட்டரி இருக்கிறதா என்று ஒவ்வொரு வீடாகச் சரிபார்த்தாக வேண்டும். இருட்டில் குளிர்காய கரி அடுப்பையோ பார்பெக்யூவையோ உள்ளே கொளுத்தினால் கார்பன் மோனாக்சைடு கொல்லும் என்பதும் அந்த வருகையிலேயே சொல்லப்பட வேண்டியது.

பனி போன பிறகு மிஞ்சுவது ஈரமும் பூஞ்சையும். கட்டணத்துக்குப் பயந்து ஹீட்டரைக் குறைத்து, குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடி, துணியை உள்ளே உலர்த்தும்போது நீராவி குளிர்ந்த கான்கிரீட் சுவரில் படிகிறது. இதை வெகுகாலம் குடியிருப்பவரின் வாழ்க்கைமுறைக் கோளாறு என்று வீட்டு உரிமையாளர்கள் தட்டிக்கழித்தார்கள். 2020 டிசம்பரில் வடமேற்கு இங்கிலாந்தின் ராச்டேலில், குறைந்த வாடகைக்கு விடப்படும் சமூக வீடு ஒன்றில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. நீண்டகாலம் பூஞ்சை சூழ்ந்திருந்ததே காரணம் என்று 2022-ல் விசாரணையில் முடிவானது. அந்தக் குழந்தையின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. உடனடி ஆபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கடுமையான ஈரமும் பூஞ்சையும் என்றால் பத்து வேலைநாளுக்குள் ஆராய்ந்து, ஆபத்து உறுதியானால் அடுத்த ஐந்து வேலைநாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். அடுத்த கட்டத்தில் வீட்டின் அதிகக் குளிரையும் இதே கெடுவுக்குள் கொண்டுவருவதாக அரசு அறிவித்திருக்கிறது.