கடிக்கும் நாயை வைத்திருப்பதா, விடுவதா? குடும்பங்களிடமே திரும்பி வந்த கேள்வி

புது தில்லி: வீட்டில் வளர்த்த நாய் ஒருவரைக் கடித்துவிட்டால், அதைத் தொடர்ந்து வைத்திருப்பதா, வேறு எவரிடமாவது ஒப்படைப்பதா, எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுவதா? ஒரு குடும்பம் கூடத்தில் அமர்ந்து பேசி முடிக்க வேண்டிய இந்தக் கேள்வி, கடந்த சில ஆண்டுகளில் மாநகராட்சி மன்றங்களுக்கும், மத்திய அமைச்சகத்துக்கும், உயர் நீதிமன்றங்களுக்கும் சென்று, ஏறக்குறைய புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருக்கிறது.

லக்னௌவில் 2022 ஜூலை மாதம் 82 வயது மூதாட்டி ஒருவர், தம் வீட்டிலேயே வளர்ந்த பிட்புல் நாயால் கடித்துக் குதறப்பட்டு உயிரிழந்தார். இச்சம்பவம் நாடு முழுவதும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில், தில்லியை ஒட்டியுள்ள காஜியாபாத் மாநகராட்சி பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ ஆகிய மூன்று இனங்களை வளர்க்கத் தடை விதித்தது. ஏற்கெனவே வைத்திருப்போர் இரண்டு மாதங்களுக்குள் கருத்தடை செய்துவிட வேண்டும் என்றும் கூறப்பட்டது.

பிரச்னை பின்னர் தில்லி உயர் நீதிமன்றத்தை எட்டியது. ஆபத்தான நாய் இனங்களைத் தடை செய்யக் கோரும் மனு மீது மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்குமாறு 2023 டிசம்பரில் மத்திய அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாக 2024 மார்ச் 12-ஆம் தேதி மீன்வளம், கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை அமைச்சகம் மாநிலத் தலைமைச் செயலர்களுக்குக் கடிதம் அனுப்பியது. 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றுக்கு உரிமம் வழங்கக் கூடாது. ஏற்கெனவே வீடுகளில் உள்ளவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

பட்டியலைப் படித்தவர்களுக்கு அது அவசரத்தில் தயாரானது என்பது உடனே புலப்பட்டிருக்கும். டோசா என்ற ஜப்பானிய இனம் அதில் இரு முறை இடம்பெற்றிருந்தது. 'டெரியர்கள்' என்று ஒரே சொல்லில் ஒரு பெருங்குலமே சேர்க்கப்பட்டிருந்தது. மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சும் சிறு நாய்கள் சிலவும் அந்தக் குலத்தைச் சேர்ந்தவையே.

நீதிமன்றங்களில் அந்தக் கடிதம் ஒரு மாதம்தான் தாக்குப்பிடித்தது. சம்பந்தப்பட்டோரின் கருத்து கேட்கப்படவில்லை எனக் கூறி கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரல் 10-ஆம் தேதி அதை ரத்து செய்தது. ஆறு நாள்கள் கழித்து தில்லி உயர் நீதிமன்றமும் ரத்து செய்தது. கலந்தாலோசனை நடத்தப்படவில்லை என்பதை மத்திய அரசுத் தரப்பே அங்கு ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள பூங்கா ஒன்றில், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துப் படுகாயப்படுத்தின. தடை நீடித்திருந்தாலும் இச்சம்பவம் தவிர்க்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நாயைப் பற்றி மத்திய அரசின் கடிதம் சொன்னது கருத்தடை ஒன்றை மட்டும்தான். வாய்க்கட்டு, கழுத்துவார், யார் பிடித்துச் செல்வது என்பவையெல்லாம் உரிமையாளரின் பொறுப்புணர்வுக்கே விடப்படுகின்றன.

அந்தப் பொறுப்புணர்வுக்குச் சட்டம் வைத்திருக்கும் விலை என்ன? மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்போருக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில் சிறைக்காலம் மாறவில்லை. அபராதம் ஐந்தாயிரம் ரூபாயாக உயர்ந்தது.

அச்சத்தில் நாயைக் கைவிடுவோர் கதை இன்னும் வேடிக்கையானது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக் குற்றத்துக்கு அச்சட்டம் நிர்ணயித்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. இச்சட்டத்துக்கு வித்திட்டவர், மாநிலங்களவைக்கு 1952-இல் நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல். அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசே சட்டம் இயற்றும் என்ற பிரதமர் நேருவின் உறுதிமொழியை ஏற்றுத் திரும்பப் பெற்றார். அவர் தலைமையில் 1962-இல் தொடங்கப்பட்ட விலங்குகள் நல வாரியம் பல்லாண்டுகள் சென்னையில் இயங்கி, 2018-இல் ஹரியாணா மாநிலம் வல்லப்கருக்கு மாற்றப்பட்டது. அபராதத்தை ஆயிரக்கணக்கில் உயர்த்தும் வரைவுத் திருத்தம் ஒன்றை மத்திய அரசு 2022 நவம்பரில் வெளியிட்டுக் கருத்து கேட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இனத்தைப் பற்றிய இத்தனை வாதங்களுக்கும் இடையே, உயிர் பறிக்கும் உண்மையான அபாயம் ஒரு கிருமி என்பது மறக்கப்பட்டுவிடுகிறது. 2024-ஆம் ஆண்டில் நாட்டில் 37,17,336 நாய்க்கடிகள் பதிவாயின. ரேபிஸ் எனச் சந்தேகிக்கப்படும் மனித உயிரிழப்புகள் 54 என்று மத்திய இணையமைச்சர் எஸ்.பி. சிங் பகேல் 2025 ஜூலை 22-ஆம் தேதி மக்களவையில் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தார். அதற்கு முந்தைய மாதம்தான் உத்தரப் பிரதேசத்தின் புலந்த்சஹர் பகுதியைச் சேர்ந்த இளம் கபடி வீரர் ஒருவர் ரேபிஸ் நோயால் உயிரிழந்தார். அவரைக் கடித்தது எந்த முரட்டு இனமும் அல்ல. கால்வாயிலிருந்து அவரே காப்பாற்றிய ஒரு குட்டி நாய். சிறு காயம்தானே என்று அவர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

நோய் அறிகுறிகள் தோன்றிவிட்டால் ரேபிஸுக்குச் சிகிச்சை இல்லை என்றே கூறிவிடலாம். ஆகவேதான், கடிபட்ட இடத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும், முதல் ஊசியை அன்றே போட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. கடித்தது தடுப்பூசி போட்ட வீட்டு நாயே என்றாலும் மருத்துவரிடம் காட்டாமல் இருந்துவிடக் கூடாது.

குடும்பங்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் இந்த நெறிமுறைகளில் உண்டு. கடித்த நாயைப் பத்து நாள்கள் கண்காணிக்க வேண்டும் என்பதே அது. கிருமி உமிழ்நீரில் வெளிப்படத் தொடங்கிய நாய், சில நாள்களில் நோய்வாய்ப்பட்டு இறந்துவிடும். பத்து நாள்களுக்குப் பின்னும் நலமாக இருந்தால், கடித்த அன்று அதனிடமிருந்து கிருமி பரவியிருக்க வாய்ப்பில்லை என முடிவு செய்யலாம். எஞ்சிய ஊசிகள் குறித்து மருத்துவர் முடிவெடுக்கவும் அது உதவும். ஆத்திரத்தில் அன்றிரவே நாயைப் புறநகர்ச் சாலையோரத்தில் இறக்கிவிட்டு வருவோர் இந்த வாய்ப்பைத் தாமே தொலைத்துவிடுகின்றனர்; நோயுள்ள நாயாக இருந்தால், அதை அயலார் குழந்தைகளின் நடுவே விட்டு வருகின்றனர். வைத்திருப்பதா வேண்டாமா என்ற விவாதத்தைப் பதினோராம் நாள் வரை ஒத்திவைப்பதே அறிவுடைமை.

தில்லியில் வளர்ப்பு நாய்களைப் பதிவு செய்ய மாநகராட்சிச் சட்டம் 1957-லேயே வழி செய்திருக்கிறது. அச்சட்டத்தின் 399-ஆவது பிரிவைக் கேள்விப்பட்ட நாய்ப் பிரியர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. நாடாளுமன்றத்திலோ, தெருவில் மீட்ட நாய் ஒன்றைத் தமது காரில் வளாகத்துக்கு அழைத்து வந்த மாநிலங்களவை காங்கிரஸ் உறுப்பினர் ரேணுகா சௌத்ரியை ஒட்டி, 2025 டிசம்பர் முதல் தேதி சர்ச்சை கிளம்பியது. பதிவு, தடுப்பூசி, அபராதம் ஆகியவை அன்று யாருடைய கவனத்துக்கும் வரவில்லை.

தலைநகரில் ரேபிஸ் மரணங்கள் பற்றிய நாளேட்டுச் செய்தியை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தாமாக விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, தெரு நாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க ஆகஸ்ட் 11-ஆம் தேதி உத்தரவிட்டது. நீதிபதி விக்ரம் நாத் தலைமையிலான மூவர் அமர்வு ஆகஸ்ட் 22-ஆம் தேதி அதை மாற்றியமைத்து, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட அனுமதித்தது. ரேபிஸ் தாக்கியவையும் மூர்க்கமானவையும் விதிவிலக்கு.

விலங்கு ஆர்வலர்கள் விண்ணப்பித்துத் தெரு நாய்களைத் தத்தெடுக்கலாம் என்றும் அந்த உத்தரவு கூறியது. அவ்வாறு பெறும் நாய்க்கு அடையாள வில்லை மாட்டப்படும். அது மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ராட்வைலர் குட்டியை வாங்கிச் செல்பவரிடம் விற்பனையாளர் இப்படியொரு உறுதிமொழியைக் கேட்பதில்லை.