ஓரத்தில் பட்டால் சுரீர்

செக்கச் சிவக்கப் பழுத்த எஃகுத் துண்டு. அதை அச்சில் வைத்து ஓங்கி அடிக்கிறது இயந்திரச் சம்மட்டி. ஜப்பானின் ஹிரோஷிமாவில் 1968 முதல் இப்படித்தான் உருவாகின்றன மிஸுனோவின் 'ஃபோர்ஜ்டு' கோல்ஃப் மட்டைகள். பிசிறு நீக்கி, தேய்த்து, குரோமியப் பூச்சு ஏற்றினால் மெலிந்த பளபளப்பான தலை தயார். அதில் மிக மெல்லிய ரகத்துக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'பிளேடு'.

பெயருக்கேற்ப ஆபத்தும் உண்டு. பந்து நடுவில் பட்டால் பட்டதே தெரியாது. ஓரத்தில் பட்டால் மணிக்கட்டு வரை சுரீரென்கிறது. பந்தும் பாதி வழியில் விழுகிறது.

இதற்கு மாற்று கண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பொறியாளர் கார்ஸ்டன் ஸோல்ஹைம். மட்டையின் முதுகைக் குடைந்து, எடையை ஓரங்களுக்குத் தள்ளினார். 1982இல் வந்த அவரது 'பிங் ஐ 2' வார்ப்பு மட்டை, தவறிய அடியையும் ஓரளவு காப்பாற்றியது. சாதாரண ஆட்டக்காரர்களுக்கு நிம்மதி.

ஆனாலும் 1997 மாஸ்டர்ஸ் போட்டியில் 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்ற டைகர் வுட்ஸின் பையில் இருந்தவை மிஸுனோ பிளேடுகள்தான்.

கடுமைக்குக் காரணம் சம்மட்டி அல்ல, வடிவம். முதுகு குடைந்த ஃபோர்ஜ்டு மட்டைகளும் இன்று தாராளம். மென்மையான எஃகு என்பதால் கோணத்தை ஆளுக்கேற்ப வளைத்துக்கொள்வதும் சுலபம்.

பிறகு ஏன் பிளேடு? மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பது சுமார் அரை மில்லி செகண்ட். கை உணர்வதற்குள் பந்து பறந்துவிடும். அந்த அடியைத் திருத்த முடியாது. தேர்ந்த ஆட்டக்காரர் காத்திருப்பது அடுத்த அடிக்கான பாடத்துக்கு. தவறை மறைக்கும் மட்டையில் அது அத்தனை தெளிவாகக் கிடைப்பதில்லை.