சைக்கிளில் போடிமெட்டு

சிலமலையிலிருந்து தனியாகச் சைக்கிள் மிதித்தே போடிமெட்டுக்குப் போய்வர ஆசையா? போடிநாயக்கனூர் வரை சிரமமில்லை. முந்தல் தாண்டினால் மலையேற்றம். வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர். அடிவாரத்தில் சட்டை வியர்வையில் நனையும். மேலே அதே ஈரச்சட்டை நடுங்க வைக்கும். மாற்றுச் சட்டை அவசியம்.

காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகள் மாலையில் திரும்பும். அந்த நேரங்களில் வளைவுகளில் கவனம் தேவை. ஓரமாகவே செல்லுங்கள்.

இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாக அழுத்திப் பிடிக்காதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். இருட்டுமுன் அடிவாரம் சேர்ந்துவிடுங்கள்.